கொழிஞ்சாம்பாறையில் பழைய கூடைப்பந்து கேசட்டை ஃபைலாக்கும் கடை: எது நன்று, எதைக் கேட்டு வாங்க வேண்டும்

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று பழைய விஎச்எஸ் கேசட்டுகளை ஃபைலாக மாற்றித் தருகிறது. பொள்ளாச்சி, பாலக்காடு இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தமிழிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம். கல்யாணக் கேசட்டுக்கு யோசிக்கவே வேண்டாம். எங்கள் சங்கத்து பீரோவில் இருப்பவை வேறு வகை. ஸ்பெயின் தொலைக்காட்சியில் வந்த 1980, 90களின் கூடைப்பந்து ஆட்டங்கள், அங்கே யாரோ வீட்டு விசிஆரில் பதிவு செய்தவை. அதற்கும் இந்தக் கடை தாராளமாகப் போதும். ஆனால் என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

முதலில் பூஞ்சை. பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடி ஈரம் கேசட்டைச் சும்மா விடாது. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரியும். அதை வீட்டு விசிஆரில் போட்டுப் பார்க்கவே கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட் அடைபடும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தாவும். கடையில் இதற்கென்று கையால் சுற்றும் கருவி தனியாக இருக்கிறது. 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியின் நடுவே நாடாவை ஓடவிட்டுத் துடைக்கிறார்கள். பிறகு ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, திரும்பச் சுற்றி, இழுவையைச் சீராக்கிய பின்தான் இயக்குகிறார்கள். இந்தப் பொறுமைக்காகவே அவர்களிடம் கொடுக்கலாம்.

நிறம் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஸ்பெயினும் இந்தியாவும் ‘பால்’ (PAL) என்ற நிற ஒளிபரப்பு முறை. ஸ்பெயின் கேசட் நம் விசிஆரில் நிறத்தோடு ஓடும். 1980களில் கிரேக்கம் ‘செகாம்’ (SECAM) என்ற வேறு முறை. 1989 மார்ச்சில் ஏதென்ஸில் நடந்த, ஐரோப்பியக் கிளப்புகளின் ‘கோப்பை வென்றோர் கோப்பை’ இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ரியல் மாட்ரிட்டின் த்ராஸென் பெட்ரோவிச் 62 புள்ளி குவிக்க, கூடுதல் நேரத்தில் இத்தாலியின் கசெர்த்தா அணி 117-113 என்று தோற்றது. இதை ஸ்பெயினில் பதிவு செய்த கேசட் நிறமாக வரும். கிரேக்கத்தில் பதிவு செய்தது பால் மட்டும் தெரிந்த விசிஆரில் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செகாம் தெரிந்த விசிஆர் இந்தக் கடையில் இல்லை.

கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது நொடிக்கு 50 ஃபிரேம், அதாவது 50 படம். பால் ஒளிபரப்பு ஒரு நொடிக்கு 50 அரைப்படங்களாக வருவது. கடைக்காரர்கள் வழக்கமாக இரண்டிரண்டாகச் சேர்த்து 25 முழுப்படமாக்கித் தருவார்கள். மாலை மாற்றும் காட்சிக்கு அதில் குறை தெரியாது. கூடைப்பந்தில் பந்து கையை விட்ட கணம், சைரன் ஒலித்த கணம் இரண்டுமே அந்த இடைவெளியில் விழுந்துவிடும், அல்லது பந்தின் ஓரம் சீப்புப் பல்லாகச் சிதறும். அந்தக் கால ஒளிபரப்பில் ஸ்கோரும் கடிகாரமும் திரை மூலையில் எப்போதும் நிற்காது. அவ்வப்போது வந்து போகும். ஆகவே யார் எப்போது புள்ளி எடுத்தார் என்று ஆட்டத்தை மறுபடி எழுதிப் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு அரைப்படமும், வர்ணனையாளர் குரலும்தான் சாட்சி. “டீஇண்டர்லேஸ் செய்து 50 ஃபிரேம்” (ஒவ்வொரு அரைப்படத்தையும் தனி முழுப்படமாக்குவது) என்றே எழுதுங்கள். “நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டாம்” என்றும் சேர்த்து எழுதுங்கள். கல்யாண முகங்களுக்குப் போடும் அந்த மெருகு, ஜெர்சி எண்ணை மெழுகிவிடும்.

சில குறைகளுக்குக் கடை பொறுப்பல்ல. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் இறுதியாட்டம் (அமெரிக்கா 96, ஸ்பெயின் 65), ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சியில் ரமோன் ட்ரெசெட் 1988 முதல் வழங்கிய என்பிஏ ஆட்டங்கள் எல்லாம் என்டிஎஸ்சி (NTSC) என்ற அமெரிக்க ஒளிபரப்பு முறையில் எடுத்த படம். நொடிக்கு 60 அரைப்படத்தை 50 ஆக்கி ஒளிபரப்பியபோதே வேகமாக ஓடும் ஆட்டக்காரருக்குப் பின்னால் நிழல் ஒட்டிக்கொண்டது. எந்த மென்பொருளாலும் அது முழுதாகப் போகாது. போக்கித் தரச் சொல்லிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

லேபிள் இல்லாத கேசட்டின் காலத்தைக் கடையில் உட்கார்ந்தே ஓரளவு சொல்லலாம். ஐரோப்பிய ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு இல்லையென்றால் 1984-க்கு முந்தையது. 20 நிமிடப் பாதிகள் இரண்டு என்றால் 2000-க்கு முந்தையது; அந்த ஆண்டில்தான் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு வந்தன. தனியார் சேனல் சின்னம் தெரிந்தால் 1990-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ.

ஃபைலை வாங்கும்போது கடைசி ஐந்து நிமிடத்தை முதலில் ஓட்டுங்கள். பந்து தரையில் படும்போது ‘தொம்’ சத்தம் சேர்ந்து வர வேண்டும். தொடக்கத்தில் சேர்ந்திருந்து முடிவில் விலகினால் பதிவில் ஃபிரேம் விட்டுப்போயிருக்கிறது. மறுபடி பதிவு செய்யச் சொல்லலாம், முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். பேக்போர்டின் நேர்க்கோடு நெளியக் கூடாது. நெளிந்தால், படத்தின் ஆட்டத்தைச் சீராக்கும் டைம்பேஸ் கரெக்டர் என்ற கருவியைப் போடவில்லை. பந்து முட்டை வடிவில் இருந்தால் 4:3 படத்தை 16:9 ஆக இழுத்துவிட்டார்கள். எல்பி (நாடா பாதி வேகத்தில் ஓடும் முறை) வேகத்தில் பதிவான கேசட்டில் மட்டும் கோடுகள் விழுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று மணி நேர இ-180 கேசட்டில் ஆறு மணி நேரம் அடைத்ததன் விலை அது.

கட்டணம் மணிக்கணக்கில், பூஞ்சை துடைக்கத் தனி. கேட்டால் இழப்பில்லாத மூலப்பதிவையும் தருகிறார்கள். மணிக்கு 30 ஜிபி அளவு வரும், ஹார்ட் டிஸ்க் நாம் கொண்டுபோக வேண்டும். பென் டிரைவ் என்றால் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் செய்தே கொடுங்கள். ஃபேட்32-வில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, ஆட்டத்தை இரண்டு துண்டாக்கிவிடுவார்கள்.