ஃபேஸ்லிஃப்ட் பணத்துக்குத் தகுமா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

கன்னம் தொங்கிவிட்டது, தூக்கிவிட வேண்டும் என்று தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் விசாரிப்பவர்கள் முன் இன்று நான்கு சேவைகள் வைக்கப்படுகின்றன. ஹைஃபூ எனும் ஒலியலைச் சிகிச்சை, நூல் செருகி இழுக்கும் த்ரெட் லிஃப்ட், பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி, அறுவைச் சிகிச்சையான ஃபேஸ்லிஃப்ட். தாடையோரம் சதை இறங்கி, கழுத்தில் பட்டை பட்டையாகத் தொங்கல் விழுந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும் பலனை, அதுவும் சில ஆண்டுகளாவது நிற்கும் பலனைத் தருவது அறுவை ஒன்றுதான். நல்ல கையில் செய்துகொண்டால் சராசரியாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் நிற்கும். அதன் பிறகும் முகம் பழைய நிலைக்கு ஒரேயடியாக விழுந்துவிடாது, அங்கிருந்து மெல்ல வயதாகும். ஆனால் இந்தச் சேவையின் தரத்தைக் கத்தி பிடிக்கும் நேரத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. அறுவை முடிந்த முதல் இரவில் நோயாளி எங்கே இருக்கிறார், கூப்பிட்டால் யார் வருவார் என்பதில் பாதித் தரம் இருக்கிறது. வெளியூர் போய்ச் செய்துகொள்ளும் டெல்டாக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

முதலில், இது எதைச் சரிசெய்யும் என்று பார்ப்போம். கண்ணாடி முன் நிமிர்ந்து உட்கார்ந்து, காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்துத் தோலை மேலும் பின்னுமாக லேசாக நகர்த்திப் பாருங்கள். தாடைக்கோடு தெளிந்து, உங்களை உறுத்திய குறை அதில் குறைந்தால் ஃபேஸ்லிஃப்ட் உங்களுக்கானது. உறுத்துவது மேல் இமைத் தொங்கலோ கண்ணுக்குக் கீழ்ப் பையோ நெற்றிச் சுருக்கமோ என்றால் அதற்கு வேறு அறுவை, வேறு சிகிச்சை. வாயைச் சுற்றிய நுண்கோடுகளும், வெயிலில் வந்த மங்கு, கரும்புள்ளி ஆகியவையும் ஃபேஸ்லிஃப்டால் போகாது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் பள்ளம் ஓரளவே குறையும். நம் ஊர்த் தோல் நிறத்துக்கு நுண்சுருக்கம் தாமதமாகத்தான் வருகிறது, சதை இறக்கம்தான் முன்னால் தெரிகிறது. அந்த வகையில் இந்த அறுவை நமக்குப் பொருந்தக்கூடியதே. அதே தோலில் தழும்பு கருப்பதும் தடிப்பதும் அதிகம் என்பதையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

செய்முறையைப் புரிந்துகொண்டால் ஏமாற வாய்ப்பு குறையும். நெற்றிப்பொட்டின் முடியருகே தொடங்கும் கீறல் காதின் முன்பக்கமாக இறங்கி, மடலைச் சுற்றி, காதுக்குப் பின்னால் ஏறி, பிடரி முடிக்குள் போய் முடியும். கழுத்துத் தசையைச் சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தால் முகவாய்க்கு அடியில் இன்னொரு சிறு கீறல். பழைய முறையில் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். அது மெத்தையை விட்டுவிட்டு உறையை மட்டும் இழுத்துக் கட்டுவது மாதிரி: இழுபட்ட முகமாகத் தெரியும், சீக்கிரம் தளர்ந்தும் போகும். தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் ஸ்மாஸ் என்றொரு படலம் இருக்கிறது. 1976-ல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் அதைத் தெளிவாக விவரித்த பிறகு, பாரத்தை அந்தப் படலத்தில் ஏற்றி, தோலை இழுவிசை இல்லாமல் மூடுவது வழக்கமாயிற்று. 1990-ல் சாம் ஹாம்ரா எழுதிய டீப் பிளேன் முறை அந்தப் படலத்துக்கும் அடியில் போய், முகத்தைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார்களை விடுவித்துத் தூக்குகிறது. இன்று விளம்பரங்களில் அதிகம் அடிபடும் பெயர் இதுதான். முறையின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க அவசியமில்லை என்பது எங்கள் கருத்து. ஸ்மாஸை மடித்துத் தைக்கும் முறையை வருடக்கணக்கில் செய்து பழகிய கை, டீப் பிளேனைப் புதிதாகத் தொடங்கிய கையைவிடப் பாதுகாப்பானது. "ஸ்மாஸை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

மினி லிஃப்ட் என்பது காதின் முன்பக்கத்தோடு நின்றுவிடும் குறுங்கீறல். நாற்பதுகளில், தாடையோரம் இப்போதுதான் இறங்கத் தொடங்கியவருக்கு நல்ல தேர்வு. கழுத்துத் தொங்கலை அது பெரிதாகத் தொடாது. கழுத்துக்காக வந்தவரிடம் மலிவு என்று மினி லிஃப்டை விற்பது, பிறகு வரும் ஏமாற்றத்துக்கு முக்கியக் காரணம்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். த்ரெட் லிஃப்டில் போடும் பிடிஓ நூல் ஆறு மாத வாக்கில் கரையத் தொடங்கும். தூக்கல் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு மேல் தாங்காது. தோலில் குழி விழுவது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குவது, நூல் முனை வெளியே குத்துவது ஆகியவை தெரிந்த சிக்கல்கள். ஹைஃபூ லேசான இறுக்கம் தரும், ஆனால் ஒல்லி முகத்தில் இருக்கும் கொழுப்பையும் கரைத்துப் பள்ளமாக்கலாம். இறங்கிய கன்னத்தில் ஃபில்லரை மேலும் மேலும் ஏற்றினால் முகம் கனத்துப்போகும். ஊசி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலும், அரிதாகப் பார்வை இழப்பும் உண்டு. இந்த மூன்றிலும் எதைச் செய்திருந்தாலும் அறுவைக்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே உருவான தழும்பு அறுவையின் போக்கையே மாற்றும்.

இனி, எங்கே செய்துகொள்வது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு தீக்காயம், விபத்து, பிளவு உதடு போன்றவற்றையே பெரும்பாலும் பார்க்கிறது. அழகுக்கான அறுவைக்குப் பெரும்பாலும் தனியாரிடம்தான் போக வேண்டியிருக்கும். டெல்டாவிலிருந்து பலர் போவது திருச்சி, சென்னை, கோயம்புத்தூர். தஞ்சையிலிருந்து திருச்சி ஏறக்குறைய ஒரு மணி நேரம், சென்னை 300 கிலோமீட்டருக்கும் மேல். வேதாரண்யம் பக்கத்திலிருந்து திருச்சியே பாதிப் பகல் பயணம்.

இந்தத் தூரம் ஏன் முக்கியம் என்றால், ஃபேஸ்லிஃப்டில் அடிக்கடி வரும் பெரிய சிக்கல் ஹீமடோமா, அதாவது தோலுக்கடியில் ரத்தம் தேங்குவது. நூற்றில் சிலருக்கு வரும். ஆண்களுக்குத் தாடிப் பகுதியில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் இன்னும் கூடுதலாக வரும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். அறிகுறி எளிது: வலியும் வீக்கமும் ஒரு பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போகும், கன்னம் இறுகும், வலி மாத்திரைக்கு அடங்காது. ஃபேஸ்லிஃப்டுக்குப் பின் இரண்டு பக்கமும் சமமாக இறுகி இருப்பது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் வலி கூடுவது ஒருபோதும் இயல்பல்ல. சில மணி நேரத்துக்குள் தையலைத் திறந்து ரத்தத்தை வெளியேற்றாவிட்டால் மேலே உள்ள தோலுக்கு ரத்தம் கிடைக்காமல் கருகிவிடும், காதுக்குப் பின்னால் இருக்கும் தோல்தான் முதலில் போகும். இதைத் தூண்டுவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் எகிறுவது. மயக்கம் தெளியும்போது வரும் வாந்தி, இருமல், மலச்சிக்கலில் முக்குவது, குனிந்து எதையாவது எடுப்பது எல்லாமே அழுத்தத்தை ஏற்றும். அதனால் வாந்தி தடுப்பு மருந்தும் மலமிளக்கியும் மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். "வடிகுழாய் வைத்திருக்கிறோம், ஹீமடோமா வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு நாள் வைக்கும் அந்தக் குழாய் கசிவை எடுக்குமே தவிர, வேகமாகப் பாயும் ரத்தத்தை அதனால் சமாளிக்க முடியாது.

ஆகவே "காலையில் வந்து மாலையில் வீடு" என்ற பேக்கேஜை டெல்டாக்காரர்கள் எடுக்க வேண்டாம். முதல் இரவு மருத்துவமனையிலேயே, ராத்திரி இரண்டு மணிக்கும் ஆபரேஷன் தியேட்டரைத் திறக்கக்கூடிய இடத்தில் கழிய வேண்டும். அதன்பின் காதுமுன் தையல் பிரிக்கும் வரை, அதாவது ஐந்திலிருந்து ஏழு நாள், அதே ஊரில் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவது நல்லது. முடிக்குள் இருக்கும் தையலையும் கிளிப்பையும் 10 முதல் 14 நாளுக்குள் எடுப்பார்கள், அதற்கு மீண்டும் போய் வரலாம். இந்தத் தங்கும் செலவையும் கூட ஒருவர் இருக்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பணம் போதவில்லை என்றால் அறுவையைத் தள்ளிப்போடுவதே சரி.

தயாரிப்பில் முதல் எதிரி நிகோடின். சிகரெட், பீடி மட்டுமில்லை, வெற்றிலையோடு போடும் புகையிலையும், வாயில் அடக்கும் பாக்கெட்டும், நிகோடின் சூயிங்கமும் தோலுக்குப் போகும் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே முழுதாக நிறுத்த வேண்டும், பின்னாலும் நான்கு வாரம் தொடக்கூடாது. சாப்பாட்டுக்குப் பின் தாம்பூலம் போடும் வீடுகளில் இதை யாரும் "புகையிலைப் பழக்கம்" என்று எண்ணுவதில்லை, அதனால் மருத்துவர் கேட்டாலும் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பிரின், ப்ரூஃபன் வகை வலி மாத்திரைகள், வைட்டமின் இ, மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை ஆகியவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். வழக்கமாக இரண்டு வாரம் முன் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சித்த மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் பட்டியலில் எழுதுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அறுவைக்கு முந்தின வாரம் மட்டும் மாத்திரை போட்டுச் சரிக்கட்டினால் போதாது, சில மாதங்களாகவே கட்டுக்குள் இருக்க வேண்டும். எடை குறைக்க ஊசி போடுகிறவர்கள் மயக்க மருந்து மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போக வாய்ப்பு உண்டு. எடையை இறக்கப் போகிறீர்கள் என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள். அறுவைக்குப் பின் பத்து கிலோ இறங்கினால் தூக்கியது மறுபடி தளரும்.

நரம்பு விஷயத்தில் இரண்டு உண்டு. அதிகம் அடிபடுவது காதுமடலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு. அது கழுத்துத் தசையின் மேலே, காதுத் துவாரத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் கீழே மேலோட்டமாக ஓடுகிறது. நரம்பு அறுபடாவிட்டாலும் கன்னமும் காதும் சில மாதங்கள் மரத்திருக்கும். அந்த மாதங்களில் கனமான ஜிமிக்கி போட்டால் மடல் கிழிவது தெரியாது, தலை குளித்து டிரையரிலோ சாம்பிராணித் தணலிலோ முடியை உலர்த்தும்போது சுட்டாலும் தெரியாது. இரண்டாவது, முகத்தசையை அசைக்கும் நரம்பின் கிளைகள். சிரிக்கும்போது கீழுதடு கோணலாவது, ஒரு புருவம் ஏறாமல் நிற்பது போன்றவை வரலாம். பெரும்பாலும் வாரங்களில் அல்லது சில மாதங்களில் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது.

தழும்பைப் பற்றி நம் பெண்கள் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று: தலையை வழித்து வாரிப் பின்னிப் பூ வைக்கிறவர்களுக்குக் காதின் பின்புறமும் பிடரி முடிக்கோடும் முழுதாக வெளியே தெரியும். முடியைத் தொங்கவிட்டுப் பழகியவர்களுக்கு மறையும் கீறல் இவர்களுக்கு மறையாது. எப்படித் தலை வாருவீர்கள் என்பதை அறுவைக்கு முன்பே காட்டிவிடுங்கள், முடிக்கோட்டில் படி விழாமல் கீறலை அமைக்க முடியும். காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்தவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். மடலில் இழுவிசை விழுந்தால் அது கன்னத்தோடு ஒட்டி நீண்டுபோகும், இது மோசமான வேலையின் அடையாளம். ஆண்களுக்கு, தாடி முளைக்கும் தோல் காதுக்கு அருகிலும் பின்னாலும் நகர்ந்துவிடும். காதின் உள்ளோரம் போகும் கீறலைப் போட்டால் அங்கேயே முடி முளைக்கும்.

முன்-பின் படங்களைப் பார்க்கும்போது ஒரே வெளிச்சமா, முடியை ஒதுக்கிக் காது தெரிகிறதா, பக்கவாட்டுப் படம் இருக்கிறதா, அறுவைக்கு ஆறு மாதமாவது கழித்து எடுத்ததா என்று கேளுங்கள். முகவாயை உயர்த்தி எடுத்த படத்தில் எந்தக் கழுத்தும் அழகாகத்தான் இருக்கும்.

வீடு திரும்பிய பின் இரண்டு வாரம் தலையை உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். வெளியே தலைகாட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும். குனிந்து கோலம் போடுவது, தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, குடம் தூக்குவது நான்கு வாரத்துக்கு வேண்டாம். முதல் வாரம் இட்லி, குழைந்த ரசம் சாதம். பாக்கு கடிக்கக் கூடாது. தையல் மேல் மஞ்சளோ எண்ணெயோ தடவக்கூடாது. எண்ணெய்க் குளியலும் தலைச்சாயமும் ஆறு வாரம் கழித்து. சித்திரை வெயிலில் இறுக்குக் கட்டோடு இருப்பது கொடுமை, மார்கழி, தை இதமானது. கல்யாணம் குறித்திருந்தால் அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக முடித்துவிடுங்கள்.

மருத்துவர் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். அழகுக்கலைச் சான்றிதழ்ப் படிப்பு அதற்கு ஈடாகாது. மருத்துவமனை 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவானதா, மயக்க மருந்து மருத்துவர் முழு நேரமும் கூட இருப்பாரா என்றும் கேளுங்கள்.

செலவு லட்சங்களில் வரும், முழுதும் கைப்பணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அழகுக்கான அறுவைக்கு இல்லை. தனியார் காப்பீட்டிலும் எக்ஸ்க்ளூஷன் 08 என்ற விலக்கு இதைத்தான் குறிக்கிறது. நோய்க்கான சிகிச்சைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் இதற்குப் பொருந்தாது, பில்லில் வரி தனியே ஏறும். அறுவைக் கட்டணம், மயக்க மருந்து, தியேட்டர், அறை, மருந்து, இறுக்குக் கட்டு, வரி எல்லாம் பிரித்துக் காட்டிய மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். முதல் சந்திப்பன்றே முன்பணம் கேட்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். ரத்தத் தேக்கத்துக்காக மீண்டும் தியேட்டருக்குப் போனால் பணம் யாருடையது, ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் தழும்பையோ மடலையோ திருத்த வேண்டி வந்தால் தள்ளுபடி ஆவது அறுவைக் கட்டணம் மட்டுமா, தியேட்டர் வாடகையும் மயக்க மருந்தும் சேர்த்தா என்பதும் அதே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.