நெட்வொர்க் மேனேஜர்: கேபிளுக்கும் வைஃபைக்கும் நடுவே ஒரு மேலாளர்

லினக்ஸ் இயங்குதளம் கொண்ட மடிக்கணினியின் திரை மூலையில் தெரியும் வைஃபை குறிக்குப் பின்னால் இயங்குவது நெட்வொர்க் மேனேஜர் என்னும் இலவச மென்பொருள். ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் தொடங்கிய இத்திட்டம் இன்று உபுண்டு, ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளின் டெஸ்க்டாப் பதிப்புகளில் முன்னதாகவே நிறுவப்பட்டு வருகிறது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் முன்கட்டில் ரவுட்டரை வைத்துவிட்டுப் பின்கட்டில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு, தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை எவ்வளவு மெலிந்து வருகிறது என்பது தெரியும். மேசைக்குக் கேபிள், முற்றத்துக்கு வைஃபை என்று இரண்டையும் வைத்திருக்கும் அத்தகைய வீடொன்றில் நாள்தோறும் பயன்படுத்திவரும் அனுபவத்தில் இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

கேபிளைச் செருகியவுடன் இம்மென்பொருள் வைஃபையைத் துண்டிப்பதில்லை. இரண்டு இணைப்புகளையும் உயிரோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மெட்ரிக் என்ற எண்ணை வழங்குகிறது. ஈதர்நெட் எனப்படும் கேபிள் இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600. எண் குறைந்த பாதைக்கே முதலிடம் என்பதால் போக்குவரத்து முழுவதும் கேபிள் வழியே செல்கிறது, கேபிளை உருவினால் காத்திருந்த வைஃபை உடனே பொறுப்பேற்கிறது. இணையப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு இம்மாற்றம் தெரியவே தெரியாது. ஆனால் வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரி மாறிவிடுவதால் காணொளி அழைப்பு சற்று உறைந்து மீளும். தொலைவிலுள்ள கணினியைக் கட்டளைகளால் இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்போ பெரும்பாலும் அறுந்துவிடும். இதற்கு மென்பொருளைக் குறை சொல்வது நியாயமில்லை. கேபிள் செருகியிருந்தும் இணையம் வராத நிலையை, இணையச் சோதனை இயக்கத்தில் இருந்தால், அது தானே கண்டறிந்து அப்பாதையின் மெட்ரிக்கோடு 20000ஐக் கூட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடுவது பாராட்டத்தக்க ஏற்பாடு.

க்னோம் என்னும் டெஸ்க்டாப் சூழலின் அமைப்புகள் பக்கத்தில் கேபிள் இணைப்பின் வேகமும் தெரிகிறது. ஜிகாபிட் ரவுட்டர் இருந்தும் அங்கே 1000க்குப் பதிலாக 100 மெகாபிட் என்று காட்டினால், முதலில் கேபிளின் முனையைச் சோதிப்பது நல்லது. ஜிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை, 100க்கு இரண்டு ஜோடிகளே போதும். ஆகவே முனையைப் பொருத்தி அழுத்தியதில் (கிரிம்ப்) மற்ற இரு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் குறைந்துவிடும்.

நெட்வொர்க் மேனேஜரின் பெருங்குறை கைபேசியை இணைக்கும்போது வெளிப்படுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற வேளைகளில், கைபேசியின் இணையத்தைக் கம்பி வழியே கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்தான் பலருக்கும் கைகொடுக்கும். அவ்வாறு இணைக்கப்பட்ட கைபேசியை நெட்வொர்க் மேனேஜர் ஈதர்நெட் என்றே கணக்கில் கொள்கிறது. மின்சாரம் வந்து, ரவுட்டர் இயங்கி, வைஃபை இணைந்த பிறகும், கைபேசியைக் கழற்றும்வரை போக்குவரத்து அதன் வழியாகவே போய் அன்றைய டேட்டாவைத் தின்று தீர்க்கும். ஆண்ட்ராய்டு அனுப்பும் குறிப்பைக் கொண்டு அது டேட்டா அளவுக்குட்பட்ட இணைப்பு என்பதை இம்மென்பொருள் ஊகித்துக்கொள்கிறது. ஊகித்தும் வரிசையை மாற்றுவதில்லை என்பதுதான் வேடிக்கை. கம்பியின் வகையைப் பார்க்கிறதே தவிர, அதற்கு யார் காசு கட்டுகிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை.

தீர்வு இல்லாமலில்லை. டெதரிங் இணைப்பின் மெட்ரிக்கை 700 என்று மாற்றிவிட்டால் வைஃபை முந்திக்கொள்ளும். ஐபிவி4, ஐபிவி6 என்னும் இரு முகவரி முறைகளிலும் தனித்தனியே மாற்றிவிட்டு, இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதன் போக்குவரத்து பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கும். இத்தனை முக்கியமான எண்ணை மாற்றுவதற்கு க்னோம் அமைப்புகளில் ஓர் இடம்கூட ஒதுக்காதது எரிச்சலூட்டுகிறது. என்எம்சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவியைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அக்கருவி தெளிவானது, பிழைச் செய்திகளும் புரியும்படி இருக்கின்றன. என்றாலும் கருப்புத் திரையைக் கண்டாலே தயங்குபவர்களுக்கு அது ஆறுதலாகாது.

கேபிள் இருக்கும்போது வைஃபை அணைந்தே இருக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்காக, என்எம்சிஎல்ஐ எடுத்துக்காட்டுகளுக்கான கையேட்டுப் பக்கத்திலேயே ஆயத்தமான சிறு ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஒன்று தரப்பட்டுள்ளது. இணைப்பு மாறும்போதெல்லாம் இயங்க வேண்டிய ஸ்கிரிப்ட்களுக்கான டிஸ்பாட்சர் கோப்புறையில் அதை வைத்து இயங்கும் அனுமதி கொடுத்தால் போதும். கேபிள் கழன்ற கணத்தில் காத்திருந்து கைகொடுக்கும் வைஃபையை இழந்து, அது மீண்டும் இணையும்வரை பொறுக்க நேரும் என்பதால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.