வளைந்த கால், தட்டைப் பாதம்: வேலூர்ப் பக்கத்தில் முதலில் யாரிடம் காட்டுவது?

நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால் வில்லாக வளைந்திருப்பதாகவோ, பாதம் உள்பக்கம் திரும்புவதாகவோ தோன்றினால், பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஒரு குடும்பத்துக்குப் பொதுவாக நான்கு வழிகள் தெரிகின்றன. வீட்டிலேயே எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது ஒன்று. ஊரிலுள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டுவது இன்னொன்று. அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக அரசு மருத்துவமனைக்குப் போவது மூன்றாவது. நேரே பேருந்து பிடித்து வேலூர் சி.எம்.சி.க்கு (கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) செல்வது நான்காவது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டாவது வழியே சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் காலின் வளர்ச்சி முறையிலேயே இருக்கிறது. பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளின் காலும் சற்று வளைந்தே இருக்கும்; அந்த வளைவு ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் நேராகி, பிறகு எதிர்த்திசையில் சென்று, மூன்று நான்கு வயதில் முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் நிலைக்கு வந்து, ஏழு வயதையொட்டிப் பெரியவர்களின் கால் அமைப்பை அடைகிறது. இந்த வரிசையைப் பின்லாந்து மருத்துவர்கள் 1975இல் எக்ஸ்ரே அளவுகளைக் கொண்டு பதிவு செய்தார்கள். உள்பாதத்தில் கொழுப்பு நிறைந்திருப்பதால் குழந்தையின் பாதம் தட்டையாகத் தெரிவதும், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் முறுக்கத்தால் கால்விரல்கள் உள்நோக்கித் திரும்புவதும் பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடுபவை. ஆகவே முதலில் தேவைப்படுவது சிகிச்சையன்று. ஒரே மருத்துவர் சில மாத இடைவெளியில் இருமுறை அளந்து, வளைவு குறைகிறதா கூடுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான்.

எண்ணெய் தேய்ப்பதால் குழந்தை நன்றாகத் தூங்கும், எலும்பு நேராகாது. இதமாகச் செய்தால் அதில் கெடுதல் இல்லை. பிறந்த குழந்தையின் இரு கால்களையும் நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுகச் சுற்றுவது அப்படிப்பட்டதன்று. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போக அது காரணமாகலாம். இடுப்பில் தூக்கி வைத்தால் கால் வளைந்துவிடும் என்று பாட்டிமார் சொல்வதற்கு ஆதாரமில்லை. கால்களை அகட்டி உட்காரும் அந்த நிலை இடுப்பு மூட்டுக்கு ஏற்றதே. ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துச் செல்வோரும் இருக்கிறார்கள். புத்தூர்க் கட்டு எலும்பு முறிவுக்காகப் பெயர்பெற்றது. வளர்ச்சியில் வரும் வளைவில் முறிந்தது எதுவுமில்லை என்பதால் அங்கே கட்டுவதற்கும் ஒன்றுமில்லை. பாதத்தில் குழிவை உண்டாக்கும் என்று விற்கப்படும் விலை உயர்ந்த காலணிகளும் இந்த வகையே: வலியில்லாத, நுனிக்காலில் நின்றால் குழிவு தெரியும் தட்டைப் பாதத்தை அவை மாற்றுவதில்லை.

ஊர்க் குழந்தை மருத்துவர், குடியாத்தத்தில் இருந்தாலும் ஆரணியில் இருந்தாலும், குழந்தையின் எடையையும் உயரத்தையும் முன்பே குறித்து வைத்திருப்பார். அந்த அனுகூலம் வேறெங்கும் கிடைப்பதில்லை. படுக்க வைத்து, முட்டிச்சில்லுகள் மேல்நோக்கி இருக்கும்படி கணுக்கால்களைச் சேர்த்து, முட்டிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்து சீட்டில் எழுதுகிறாரா என்று பாருங்கள்; எழுதாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். மணிக்கட்டு தடித்திருக்கிறதா, விலா எலும்புகளின் முனைகளில் மணிகோத்தது போன்ற புடைப்பு தட்டுப்படுகிறதா, பல் முளைக்கத் தாமதமாகிறதா என்பவை, வைட்டமின் டி அல்லது கால்சியம் குறைவால் எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ் நோயின் தடயங்கள். சந்தேகம் இருந்தால் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி ஆகிய இரத்தப் பரிசோதனைகளும் ஒரு எக்ஸ்ரேயும் போதும். இந்த வழியின் பலவீனம் அவசரம்தான்: கூட்டம் நிறைந்த மாலை நேரத்தில், எதையும் அளக்காமல் அதிக அளவு வைட்டமின் டி மருந்தை எழுதித் தருவது உண்டு. வைட்டமின் டி உடலில் தேங்கக்கூடியது. பரிசோதனையின்றித் திரும்பத் திரும்பக் கொடுக்கக் கூடாது.

அரசு வழியில் செலவில்லை. பலர் நினைப்பதைவிட அது ஒழுங்கானதும்கூட. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வந்து பார்க்கும்போது, பிறவிக் கோணல் பாதம், இடுப்பு மூட்டு விலகல், ரிக்கெட்ஸ் ஆகியவையும் அதன் பட்டியலில் இருக்கின்றன. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊக்குவிப்புத் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே செவிலியரிடம் காலைக் காட்டிவிடலாம். மேற்கொண்டு பார்க்க அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் பார்க்க நேரிடலாம் என்பதால் பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சி.எம்.சி.யில் குழந்தைகளுக்கென்றே தனி எலும்பு சிகிச்சைப் பிரிவு உண்டு. திறமையைப் பொறுத்தவரை மற்ற மூன்றும் அதற்கு ஈடாகா. ஆனால் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மக்கள் வந்து காத்திருக்கும் அந்த வரிசையில், பதினெட்டு மாதக் குழந்தையின் இயல்பான வளைவுக்காக ஒரு நாளைக் கழித்து, "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்ற பதிலோடு திரும்புவதில் பயன் குறைவு.

ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, நொண்டி நடந்தாலோ, வலியால் நடக்க மறுத்தாலோ, இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடிக்கொண்டே போனாலோ, ஒரே காலின் நுனியில் மட்டும் நடந்தாலோ, உள்ளூரில் காத்திராமல் அடுக்கம்பாறைக்கோ சி.எம்.சி.க்கோ போவதே முறை. பதினெட்டு மாதமாகியும் நடக்காத குழந்தையைக் குழந்தை மருத்துவர் உடனே முழுமையாகப் பார்த்தாக வேண்டும். அங்கே சிக்கல் காலில் இல்லாமல் தசையிலோ நரம்பிலோ இருக்கலாம். பிறவிக் கோணல் பாதத்துக்கு வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் போடும் பொன்செட்டி முறை பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கப்படுவது. அதற்கு நடக்கும் வயதுவரை காத்திருக்கவே கூடாது.

எங்கே போனாலும், வெறுங்காலோடும் இடுப்புத்துணி இல்லாமலும் குழந்தை நடந்து வருவதையும் திரும்பிப் போவதையும் கைப்பேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் அறையில் குழந்தை தாயின் தோளைவிட்டு இறங்குவதில்லை.