பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எது காவல்? திருட்டுத் தடுப்பு ஏற்பாடுகளின் நீண்ட கால அனுபவம்

திருச்சிக்கு வெளியே, பாதி மனைகள் இன்னும் காலியாகக் கிடக்கும் ஒரு நகரில் எங்கள் தனி வீடு இருக்கிறது. மகன் வீட்டுக்குக் கிளம்பினால் வாரக்கணக்கில் பூட்டியே கிடக்கும். 2021ஆம் ஆண்டில் திருட்டைத் தடுக்கவென்று செய்த வேலைகள் பல கோடைகளையும் மழைக்காலங்களையும் பார்த்துவிட்டதால், அவற்றில் எது உழைத்தது, எது தொல்லை கொடுத்தது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

முதல் செலவைக் கதவுக்குத்தான் செய்தேன். ‘பூட்டை உடைத்துத் திருட்டு’ என்று செய்தித்தாளில் வந்தாலும், பல இடங்களில் பெயர்ந்து வருவது பூட்டு மாட்டியிருக்கும் கொண்டிதான். சிறு திருகாணிகளை மட்டும் நம்பியிருக்கும் நாதாங்கியைக் கடப்பாரை முனையால் நெம்பினால், எவ்வளவு விலையுள்ள பூட்டானாலும் பூட்டியபடியே கழன்று விழுந்துவிடும். ஆகவே பின்கதவில் வெளிக் கொண்டியையே நீக்கிவிட்டு, உட்புறம் மேலும் கீழுமாக இரண்டு இரும்புப் பட்டைகளைக் குறுக்கே போடச் செய்தோம்; அவற்றைத் தாங்கும் பிடிகள் நிலையைத் துளைத்துச் செல்லும் போல்ட்டுகளில் நிற்கின்றன. வாசல் கதவில் தொங்குபூட்டுக்குப் பதிலாகக் கதவுக்குள்ளேயே பதியும் பூட்டு வந்தது. இதில் இன்னொரு நன்மை உண்டு: வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பது தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. முதல் கார்த்திகை மழையில் கதவு ஊறிப் பருத்து, பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளைக்குள் போக மறுத்தது. தச்சர் வந்து துளையை அரம் கொண்டு சற்று அகலப்படுத்திய பிறகு அந்தத் தொல்லை திரும்ப வரவில்லை. சமையலறை ஜன்னல் கம்பிச் சட்டத்தின் திருகாணித் தலைகளையும் அவரே திருப்புளி பிடிக்காதபடி தேய்த்துவிட்டார். இத்தனைக்கும் ஆன மொத்தச் செலவு கேமராக்களுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

கதவு திறந்தால் அலறும் காந்த அலாரத்தைப் பற்றி இப்படி நல்ல வார்த்தை சொல்ல முடியாது. காந்தமும் உணர்கருவியும் நெருங்கி இருக்கும்வரை அது அமைதியாக இருக்கும். ஈரத்தில் பருத்த கதவு முழுதாகச் சாத்தாமல் சிறு இடைவெளி விட்டுவிட்டால், நள்ளிரவில் காரணமே இல்லாமல் கூவத் தொடங்கும். நாம் வெளியூரில் இருக்கும்போது இரண்டு முறை வீணாகக் கூவினால், மூன்றாம் முறை பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க மாட்டார். எங்கள் வீட்டில் அதைக் கழற்றி வைத்துவிட்டோம்.

கேமராக்கள் நான்கு. அவை திருட்டைத் தடுப்பதைவிடச் சாட்சி சொல்வதற்கே பயன்படும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இராது. ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் நாளொன்றுக்கு 10 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். அந்தக் கணக்கில் 1 டெராபைட் வன்தட்டில் நான்கு கேமராக்களின் பதிவு ஏறத்தாழ மூன்று வாரம் நிற்கும். ஒரு மாதம் ஊரில் இல்லாதவர் திரும்பி வந்து பார்க்கும்போது முதல் வாரப் பதிவு அழிந்திருக்கும் என்பதை விற்பவர் யாரும் சொல்வதில்லை. பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்கு அடியில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிச் செல்வான். பரணில் மறைத்தால் சித்திரை வெயிலில் வெந்துபோகும். எங்களுடையது காற்றுத்துளை போட்ட துணி அலமாரிக்குள் இருக்கிறது. இணைய மோடத்துக்கும் சேர்த்து யுபிஎஸ் கொடுத்திருப்பதால் மின்தடையிலும் கைப்பேசியில் வீட்டைப் பார்க்க முடிகிறது. இரவில் கண்ணாடி முன் சிலந்தி கட்டும் ஒற்றை இழை, அகச்சிவப்பு ஒளி பட்டு வெள்ளைக் கயிறு போல ஆடி, ஆள் நடமாட்டம் என்ற எச்சரிக்கையை ஓயாமல் அனுப்பும். இதற்கு மாதம் இருமுறை ஒட்டடைக் குச்சியைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் வாங்கிய நிறுவனம் இரண்டாம் ஆண்டிலிருந்து தொலைபேசியை எடுப்பதே இல்லை.

கொல்லைப்புறத்தில் மாட்டிய, ஆள் அசைவுக்கு எரியும் விளக்குதான் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது. உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து அது ஆளை அறிகிறது என்பதால், சுவர்கள் அனலாய்க் கொதிக்கும் மே மாத முன்னிரவுகளில் மட்டும் மிக அருகில் வந்தால்தான் எரிகிறது.

வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வதையும் விடுவதில்லை. ரோந்துக் காவலர் அந்தத் தெருவைக் கூடுதலாக ஒருமுறை பார்ப்பதற்கு அது உதவுகிறது. பால், செய்தித்தாள் இரண்டையும் நிறுத்திவிடுகிறோம். வாசல் தெளித்துக் கோலம் போட வேலைக்கார அம்மாவுக்கு அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு.

நகைகள் வங்கி லாக்கரில் இருக்கின்றன. அங்கே திருட்டு நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான் என்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். பாரத் கிருக ரக்ஷா என்ற பொது வீட்டுக் காப்பீடும் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அத்தகைய இடரைத் தொடர்ந்து ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டைத் தவிர, வெறும் கன்னக்களவுக்கு அதில் இழப்பீடு கிடையாது. நகைக்கென்று தனிக் காப்பீடு எடுப்பதற்காக இப்போது விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.