கோடை விடுமுறையில் கால்பந்து கோச் எதைப் படிக்கலாம்: பில்ட்-அப்பா, பிரஸ்ஸிங்கா, செட் பீஸா?

மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கியதும் பள்ளி கிரவுண்டு காலியாகிவிடும். ஜூனில் பள்ளி திறந்து குறுவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும் வரை கோச்சுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம். நடுவில் சம்மர் கேம்ப் வரும்தான். ஆனால் அதற்கு வருபவர்கள் பெரும்பாலும் புதுசாக ஷூ வாங்கிய பொடிசுகள். அவர்களுக்காக ராத்திரி உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. ஆக, வருஷத்தில் நிதானமாக எதையாவது கற்றுக்கொள்ள வாய்ப்பது இந்தக் கோடை ஒன்றுதான்.

எதைக் கற்றுக்கொள்வது என்று கோச்சுகளுக்குள் பேச்சு வந்தால் மூன்று விஷயங்கள் சுற்றிச் சுற்றி வரும். கோல்கீப்பரிடமிருந்தே பாஸ் பாஸாகக் கட்டிக்கொண்டு மேலே போகும் பில்ட்-அப். பந்தை இழந்த உடனே பாய்ந்து பிடுங்கும் பிரஸ்ஸிங். அப்புறம் கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ என்று நின்ற பந்திலிருந்து தொடங்கும் செட் பீஸ். நான் இந்த வருஷம் செட் பீஸை எடுத்துவிட்டேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில், இந்தப் போட்டியில் சேராத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் கோர்ஸ் ஒன்று. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சான்றிதழ் வேலைக்கும் சம்பளத்துக்கும் தேவை என்றால், யோசிக்காமல் அதற்கு விண்ணப்பம் போடுங்கள். அது வேறு கணக்கு. இன்னொன்று ஃபிஃபா 11+ வார்ம்-அப். ஓட்டம், வலு, சமநிலை எல்லாம் சேர்த்து 15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிஷம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதைப் படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பில்ட்-அப். பார்க்க அழகு, படிக்க அதைவிட அழகு. 2019இல் கோல் கிக் விதி மாறியதிலிருந்து பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்ட வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டர் உள்ளேயே வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு மாற்றம் திறந்துவிட்ட கதவு பெரிது. 2022 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்புக்குக் கோச்சாக வந்த டி செர்பி, டிஃபெண்டரைப் பந்தின் மேல் கால் வைத்து அசையாமல் நிற்கச் சொன்னார். எதிராளி பொறுமை இழந்து பாய்ந்து வரும் நொடியில், அவன் விட்டு வந்த இடத்தில் பாஸ் போகும். அந்த சீசனில் பிரைட்டன் ஆறாவது இடம் பிடித்து, தன் வரலாற்றில் முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. பார்த்த கோச் யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும்.

ஆனால் பிரைட்டனின் புல்தரையில் உருளும் பந்து வேறு, நம் செம்மண் கிரவுண்டில் குதிக்கும் பந்து வேறு. சிறு கல்லில் பட்டு பந்து முழங்கால் உயரம் எழும்பினால், பதினைந்து வயதுப் பையன் அதை அடக்குவதற்குள் எதிரணி ஃபார்வர்டு மேலே வந்து நிற்பான். கிரவுண்டைக் குறை சொல்லித் தப்பிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். டர்ஃப் இருக்கும் அகாடமிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் பாதியாகக் குறையும். அவர்கள் பில்ட்-அப் படிப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

பிரஸ்ஸிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோச் சாக்கியின் மிலான் அணி 1989, 1990 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கிய காலத்திலிருந்து ஜெர்மன் கோச்சுகள் ராங்னிக், குளோப் வரை படிக்க ஏராளமாகக் கிடக்கிறது. கருத்தும் பில்ட்-அப்பைவிட எளிது, பையன்களுக்கு ஓடவும் பிடிக்கும். வெயில்தான் பிரச்சினை. 2014 உலகக் கோப்பையில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு 32ஐத் தாண்டினால் நடுவே ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். நம் பக்கம் ஜூலை மாத மதியம் மூன்று மணிக்கு மேட்ச் வைக்கிறார்கள். முதல் இருபது நிமிஷம் புலி மாதிரி பாயும் அணி, இரண்டாம் பாதியில் இடுப்பில் கை வைத்து நிற்கும்.

இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். என் முடிவைத் தீர்மானித்தது வேறு: நான் படிப்பதைப் பையன்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு நேரமாகும்? சேர்த்த பிறகு அதில் எவ்வளவு தங்கும்? வண்டி வாங்கும்போது மைலேஜை மட்டும் பார்க்காமல் சர்வீஸ் செலவையும் கேட்போமே, அந்தக் கேள்விதான்.

பள்ளி அணியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் ஒவ்வொரு வருஷமும் போய்விடுவார்கள். அணியின் முதுகெலும்பே பெரும்பாலும் அவர்கள்தான். அதற்குக் கீழே பத்தாம் வகுப்பு. ஆகஸ்ட் வந்தால் ‘டியூஷன் இருக்கு சார், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று அம்மா வந்து நிற்பார். மீதி இருப்பவர்களோடு மாலையில் ஒன்றரை மணி நேரம். அதில் கோன் வைத்து, பிப் கொடுத்து, வருகை எடுத்து முடிப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை.

பில்ட்-அப் என்பது இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையில் ஊறும் விஷயம். சென்டர்-பேக் தலையைத் தூக்கும்போது மிட்ஃபீல்டர் எந்தப் பக்கம் நழுவுவான் என்பது, இருவரும் மாதக்கணக்கில் சேர்ந்து ஆடி வருவது. அதில் ஒருவன் டி.சி. வாங்கிப் போனால் மறுபடியும் ஒன்றாம் பாடம். பிரஸ்ஸிங்கும் அப்படியே. ஐந்து பேர் பாய்ந்து ஆறாவது ஆள் நின்றுவிட்டால் மொத்தமும் ஓட்டை. கோடையில் மூச்சுத் திறன் வேறு இறங்கிவிடும்; ஜூனில் அதைத் திரும்ப ஏற்றவே வாரங்கள் போய்விடும்.

செட் பீஸில் இந்தத் தேய்மானம் குறைவு. கார்னரில் ஆறு பேருக்கு ஆறு வேலை. ‘ஃபர்ஸ்ட் போஸ்டுக்கு’, அதாவது கார்னர் அடிக்கும் பக்கத்துக் கம்பத்துக்கு, ‘ஓடுபவன்’ என்பது ஒரு வேலையின் பெயர். போன வருஷம் அதைச் செய்தவன் கல்லூரிக்குப் போனால், ஜூலையில் புதிதாக வரும் உயரமான பையனுக்கு அதே வேலையைக் கொடுக்கலாம். அவன் ஓட வேண்டிய கோடு என் நோட்டில் இருக்கிறது. பயிற்சியும் கடைசி இருபது நிமிஷத்தில், களைத்த காலோடு, நடந்தே செய்யலாம். முழு அணியும் வர வேண்டும் என்றில்லை. எட்டுப் பேர் வந்தாலும் வேலை நடக்கும்.

இது ஏதோ சின்னப் பள்ளிகளுக்கான குறுக்குவழி என்றும் நினைக்க வேண்டாம். 2018 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன இங்கிலாந்து போட்ட 12 கோலில் 9, பெனால்டியையும் சேர்த்து, செட் பீஸில் வந்தவை. பிரென்ட்ஃபோர்டு, மான்செஸ்டர் சிட்டி கிளப்புகள் வழியாக வந்த நிக்கோலஸ் ஜோவர் என்ற கோச்சை ஆர்சனல் 2021இல் செட் பீஸுக்கென்றே எடுத்தது. 2023-24 பிரீமியர் லீகில் அந்த அணி கார்னரிலிருந்து மட்டும் 16 கோல் போட்டது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2018 மார்ச் 17, பெங்களூரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டுச் சென்னையின் எஃப்.சி. பின்தங்கிவிட்டது. கிரெகரி நெல்சன் அடித்த கார்னரில் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் ஒன்று. இடைவேளைக்குச் சற்று முன் அதே நெல்சன், அதே கார்னர், அதே மெய்ல்சன், அதே தலை. முடிவு 3-2, கோப்பை சென்னைக்கு. அந்த ஆட்டத்தில் பெங்களூருதான் சொந்த மைதானத்தில், சீசன் முழுக்க நன்றாக ஆடிய அணி என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க் கணக்கும் உண்டு. பெரிய லீகுகளில் நூறு கார்னர் அடித்தால் கோலாவது மூன்று, மிஞ்சினால் நான்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் இது வீண் வேலை போலத்தான் தெரியும். ஆனால் கோல் போஸ்டின் உயரம் நம் பையன்களுக்கும் அதே 2.44 மீட்டர். பதினான்கு வயது கீப்பர் கோல் கோட்டிலிருந்து முன்னால் வந்து, நெரிசலில் எம்பி, உள்ளே வளைந்து வரும் பந்தைப் பிடிப்பது அபூர்வம். தவிர, இங்கே போட்டிகள் நாக்-அவுட். ஒரு கோல்தான் வித்தியாசம், இல்லாவிட்டால் டை பிரேக்கர். அந்த ஒரு கோலை ஒத்திகை பார்த்து வைக்கக்கூடிய இடம் செட் பீஸ் மட்டும்தான்.

படிக்கும் முறையில் ஒன்று: வீடியோவில் கோலைப் பார்க்காதீர்கள். பந்தை உதைப்பதற்கு இரண்டு நொடி முன்னால் நிறுத்தி, எதிரணியின் மிக உயரமான டிஃபெண்டர் எங்கே நிற்கிறான், அவன் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அநேகமாகக் கோல் அங்கேதான் பிறந்திருக்கும். தலையால் அடித்தவனைவிட, அவனை மறிக்க வந்தவனின் வழியில் நின்றவன்தான் முக்கியம். பேஸ்கட்பாலில் ஸ்கிரீன் என்பார்களே, அதேதான். அப்போதைய இங்கிலாந்து கோச் சவுத்கேட் இதைப் பார்க்க அமெரிக்க பேஸ்கட்பால் ஆட்டத்துக்கே போனார். நம் பள்ளியில் பேஸ்கட்பால் கோர்ட் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மாஸ்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் பேசினால் போதும்.

கூடவே விதிப் புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். செட் பீஸ் படிப்பில் பாதி அதுதான். ஓர் ஆட்டக்காரன் தான் நிற்கும் இடத்தில் நிற்க அவனுக்கு உரிமை உண்டு. எதிராளி வரும் வழியில் நகர்ந்து போய் மறித்தால்தான் குற்றம். ஆகவே நம் ஸ்கிரீன்காரன் முன்கூட்டியே போய் நின்றுவிட வேண்டும். ஃப்ரீ கிக்கில் எதிரணி மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சுவர் கட்டினால், நம் ஆட்கள் அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பழைய ஆட்ட வீடியோவைப் பார்த்து சுவருக்குள் ஆளைச் சொருகும் கோச்சுகள் இன்னமும் இருக்கிறார்கள். ஆஃப்சைடில் ஒரு நுணுக்கம். கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. ஆனால் ஃபர்ஸ்ட் போஸ்டில் நம் ஆள் அதைத் தலையால் தட்டிவிட்ட நொடியில் கணக்கு மாறிவிடும். அந்த நொடியில் பந்துக்கு முன்னால், கோல் கோட்டருகே கீப்பரோடு ஒட்டி நிற்கும் நம் பையன், அவனைவிடக் கோட்டுக்கு நெருக்கமாகவோ அவனுக்குச் சமமாகவோ எதிரணியில் இரண்டு பேர் இல்லையென்றால், ஆஃப்சைடு. செகண்ட் போஸ்டுக்குப் போகிறவன் தட்டிய பிறகுதான் பந்தைக் கடக்க வேண்டும். இந்த அரை நொடித் தாமதத்தை மட்டும் தனியாகப் பழக்க வேண்டியிருக்கும்.

த்ரோவையும் விட்டுவிடாதீர்கள். லிவர்பூல் 2018இல் த்ரோவுக்கென்றே டென்மார்க்கிலிருந்து தாமஸ் குரோனமார்க் என்ற கோச்சை வரவழைத்தபோது பலர் கேலி செய்தார்கள். ஒரு மேட்ச்சில் கார்னர் நாலைந்துதான் வரும், த்ரோ அதைப்போலப் பல மடங்கு. அதிலும் நேராக வாங்கினால் ஆஃப்சைடு இல்லை. ஆனாலும் நம் பையன்களில் பாதிப் பேர் த்ரோ என்றால் லைன் ஓரமாகவே முன்னால் வீசி, எதிரணியிடம் ஒப்படைத்துவிட்டு வருவார்கள்.

கார்னரைத் தடுக்கும் பக்கத்தில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். இடம் பார்த்து நிறுத்துவதா, ஆள் பார்த்து ஒட்ட வைப்பதா என்பதில், அணி மாறிக்கொண்டே இருப்பதால் இடமுறைதான் சுலபம் என்று படுகிறது. கோடையில் நோட்டில் போட்ட படம் அது. நல்ல உயரமுள்ள எதிரணிக்கு முன்னால் இன்னும் நிறுத்திப் பார்க்கவில்லை. பெண்கள் அணியோடு நான் வேலை செய்ததும் குறைவு. அங்கே கார்னர் எவ்வளவு பலன் தரும் என்பதை அதில் ஊறியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள அணி உங்களுடையது என்றால் இந்தக் கட்டுரையில் பாதியை விட்டுவிடலாம். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015இலேயே பத்து வயது வரை தலையால் அடிப்பதைத் தடுத்துவிட்டது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 2020இல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டன. அந்த வயதில் கார்னர் என்றால் ஷார்ட் கார்னர் மட்டும் போதும்: ஒருவன் தள்ளிவிட, பக்கத்தில் வந்தவன் வாங்கி, தரையோடு பெனால்டி ஸ்பாட் பக்கம் திருப்பிவிட்டால் அங்கே காலால் அடிக்க ஒருவன். மூன்றே பேர். சம்மர் கேம்ப் பொடிசுகளுக்கு இதை ஒரே சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.