கான்டெஸா டேஷ்போர்டும் பதினெட்டு நாள் கூத்தும்

பழைய கார் வைத்திருந்து, டேஷ்போர்டு வெடித்துக் கிடந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்குப் போனது பதினான்காயிரம் ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு, அதற்கு வருகிறேன்.

வண்டி 1991 கான்டெஸா கிளாசிக், அப்பா ஓட்டியது. வீட்டில் ஷெட் கிடையாது. இத்தனை வருட வெயிலில் டேஷ்போர்டின் மேல்தோல் சுருங்கி இறுகி, மூன்று இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. 2002-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி, புதுசு வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சீட் கவர் தைக்கும் ஒரு கடையில், "ரெக்சின் போட்டு கம்பெனி மாதிரி ஆக்கித் தர்றோம் சார், நாலே நாள்" என்றார்கள். தை மாதம் விட்டேன். பதினெட்டு நாள் ஆனது. சரி, அது போகட்டும்.

எடுக்கும்போது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் பெட்ரோல் முள் அசையவில்லை, சாம்பல் கிண்ணத்துக்குள் ஆறு ஸ்க்ரூ. போன் போட்டால், "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டிருப்பான் சார்" என்று பதில். நான் வேறு சிரித்துத் தொலைத்தேன்.

கத்திரி பிறந்த மூன்றாம் நாள், ஸ்பீடோமீட்டருக்கு மேலே குழிந்து இறங்கும் இடத்தில் ரெக்சின் பூரி மாதிரி உப்பி நின்றது. கட்டைவிரலால் அமுக்கினால் படிகிறது, எடுத்தால் மெல்ல எழும்புகிறது. கதவைத் திறந்தாலே செருப்புக் கடை வாசம்.

கடையில் போய்க் கேட்டேன். "வெயில்ல நிறுத்தினா அப்படித்தான் சார்." கார் டேஷ்போர்டை வேறு எங்கே வைப்பது?

குஷன் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஓரத்தைப் பிடித்து இழுத்தார், ஜவ்வு மாதிரி பசை நூல் நூலாக வந்தது. சூடு தாங்காத சாதாரண சொல்யூஷன். பிளவுகளுக்குள் அடைத்திருந்தது பாடிக்குப் பூசும் பட்டி. அது ஏற்கெனவே ஓரமெல்லாம் விட்டுப்போயிருந்தது. "தகரத்துக்குப் போடுறதை ஃபோம் மேல போட்டா நிக்குமா தம்பி? இது அமுங்கும், அது அமுங்காது" என்றார். பிளவை வி வடிவத்தில் கீறி, வளையக்கூடிய ஃபில்லரை வைத்துத் தேய்த்துச் சமமாக்கி, அப்புறம்தான் சூடு தாங்கும் பசையில் ரெக்சினை ஒட்ட வேண்டுமாம்.

நான் சொன்ன பெரிய நஷ்டம் இதுதான்: பழைய மேல்தோலையும், காற்று வரும் வாய்களைச் சுற்றியிருந்த ஃபோம் விளிம்பையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அளவெடுக்க இருந்ததே அவைதான்.

அதனால் என்ன பசை, என்ன ஃபில்லர் என்று கேட்காமல் வண்டியை விடாதீர்கள். கழற்றும் முன் ஒயர் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். வெட்டியெடுத்த துண்டு எதுவானாலும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பளபளப்புக்கு சிலிக்கான் பாலிஷ் அடித்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதன்மேல் பசை பிடிக்காது.

பெரியவர் இப்போது அந்த விளிம்பைக் கையாலேயே செதுக்கிக்கொண்டிருக்கிறார். உடைக்கப் போன கான்டெஸாவில் டேஷ்போர்டு முழுசாகக் கிடப்பதை யாராவது பார்த்தால் சொல்லுங்கள். வெடித்திருந்தாலும் பரவாயில்லை, அளவுக்குப் போதும்.