குட்டியானையிலிருந்து கேம்பருக்கு: ஒரு பலகார வீட்டின் வண்டிக் கணக்கு

குட்டியானை என்று எல்லாரும் கூப்பிடும் டாடா ஏஸைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளத்தூரில் எங்கள் அடுப்படியில் சுட்ட முறுக்கையும் சீடையையும் நாலு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே அந்த வண்டிதான். 2005-இல் டாடா அதை இறக்கியபோது, இந்தச் சின்ன வண்டி என்ன இழுத்துவிடப் போகிறது என்று சிரித்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 ஹெச்பி டீசல் இன்ஜின், முக்கால் டன் லோடு. சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு குட்டியானை வாங்கி வாடகைக்கு ஓட்டினார்கள்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முன்வாசலில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது சமையல் சாமான், விறகு, பலகார டின் எல்லாம் பின்கட்டு வழியாகத்தான் உள்ளே போகும். அந்தப் பின்தெருவில் ஒரு ஓரம் பந்தல்காரர் மூங்கிலை இறக்கிப் போட்டிருப்பார், இன்னொரு ஓரம் தண்ணீர் டேங்கர் நிற்கும். நடுவில் கிடைக்கிற இடத்தில்தான் நாம் திரும்ப வேண்டும். ஏஸுக்கு வளைவு ஆரம் 4.3 மீட்டர்தான். ஒரே ஒடிப்பில் திருப்பி, பின்பக்கத்தை நிலைப்படியோடு ஒட்டி நிறுத்திவிடலாம். லோடு பாடி தாழ்வாக இருப்பதால் டின்னைத் தலைக்குத் தூக்க வேண்டியதில்லை, இடுப்பளவில் வாங்கி இறக்கலாம். அறுபது வயதுக்காரரும் இறக்குவார்.

அதை வாங்கியபோது நான் தனி ஆள். டிரைவர் சீட்டில் நான், பக்கத்து சீட்டில் கணக்கு நோட்டும் தண்ணீர் பாட்டிலும். இப்போது மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, கண் ஆபரேஷன் செய்துகொண்ட அப்பா என்று வீடு நிறைந்துவிட்டது. தொழிலும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பலகாரத்தைச் செய்து கொடுத்துவிட்டு வந்தால் போதும். இப்போது வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் பந்தியில் சுடச்சுட வேண்டும் என்கிறார்கள். அதனால் கல்யாண வீட்டுக்கு அம்மாவும் வர வேண்டும், உதவிக்கு வரும் அக்காவும் வர வேண்டும். ஏஸில் சட்டப்படி டிரைவரையும் சேர்த்து இரண்டு பேர்தான்.

மற்றவர்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்கிறீர்களா? எல்லாரும் போகிற மாதிரிதான். பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போவார்கள். நம் பக்கம் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் இப்படிப் போவது சர்வசாதாரணம் என்பதால் யாருக்கும் தப்பாகவே தெரிவதில்லை. ஆனால் சரக்கு வண்டியின் பின்பாடியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். விபத்து என்று வந்துவிட்டால் பின்னால் இருந்தவர்களுக்குப் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிப்பார்கள். மகள் ஒருநாள், "நானும் அப்பத்தா கூடப் பின்னாடியே வர்றேன்" என்று அடம்பிடித்தாள். அன்றைக்கே மனைவி முடிவு செய்துவிட்டாள். எனக்கு அதை ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது, அவ்வளவுதான்.

முதலில் எல்லாரும் சொன்ன யோசனை, ஏஸ் இருக்கட்டும், கூடவே பழைய மாருதி ஈகோ வேன் ஒன்று வாங்கிப் போடு என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முகூர்த்த நாளில் இரண்டு வண்டிக்கும் இரண்டு டிரைவர் வேண்டும். இரண்டு இன்சூரன்ஸ், இரண்டு பேட்டரி, இரண்டு செட் டயர் என்று செலவும் இரட்டிக்கும். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் இரண்டும் சும்மா நிற்கும். ஆளையும் சரக்கையும் ஒன்றாக ஏற்றுகிற ஒரே வண்டி போதும் என்று முடிவு செய்தோம். அப்படியென்றால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த பாடியும் உள்ள பிக்கப்தான்.

டாடாவிலேயே யோதா க்ரூ கேப் இருக்கிறது. 2.2 லிட்டர் இன்ஜின், 100 ஹெச்பி. பழகிய கம்பெனியை விட வேண்டாம் என்று அப்பாவுக்கு அதில்தான் ஆசை. இழுவை என்று பார்த்தால் அது பலசாலிதான். ஆனால் எங்கள் பக்கம் மலையும் கிடையாது, ஏற்றமும் கிடையாது, செம்மண் கட்டாந்தரை. அந்த பலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மச்சினன் துபாயிலிருந்து வந்திருந்தபோது இசுஸு வி-கிராஸைப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனான். ஸ்ரீசிட்டியில் தயாராகிற வண்டி. 1.9 லிட்டர் டீசல், 163 ஹெச்பி, உள்ளே உட்கார்ந்தால் கார்தான். சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டிலேயே பதிவு செய்யலாம். ஓட்டிவிட்டு இறங்க மனசே வரவில்லை. ஆனால் நீளம் ஐந்தேகால் மீட்டருக்கும் மேல், விலையும் நான் பிறகு வாங்கிய கேம்பரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தப் பளபளப்பான பாடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அண்டாவை யார் ஏற்றுவது? ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது சரி. அதிகாலையில் தேன்குழல் டின் இறக்குகிறவனுக்கு இல்லை.

கடைசியில் வாங்கியது மஹிந்திரா பொலேரோ கேம்பர், கோல்டு இசட்எக்ஸ். ஏசியும் பவர் ஸ்டியரிங்கும் உள்ள மாடல். 2523 சிசி, 75 ஹெச்பி, டிரைவரோடு ஐந்து பேர், ஒரு டன் லோடு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அதுவரை பொறுத்திருந்துதான் புக் செய்தேன். ஷோரூம் விலை பத்து லட்சத்தை ஒட்டி வரும். வாங்குமுன் காரைக்குடி மெக்கானிக்கிடம் கேட்டேன். "அண்ணே, பொலேரோவுக்குப் பார்ட்ஸ் இல்லாத ஊரு இருந்தா சொல்லுங்க, நான் தொழிலை விட்டுடறேன்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏறுவதுதான் முதல் சங்கதி. வண்டி உயரம். முழங்கால் வலிக்காரரான அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வெல்டிங் பட்டறையில் சொல்லிப் பின்கதவுக்குக் கீழே இரும்புப் படி ஒன்று வைத்தேன். இப்போது கைப்பிடியைப் பிடித்து, படியில் ஒரு கால் வைத்து, "முருகா" என்று ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார். பின்சீட்டின் சாய்மானம் நேராக நிமிர்ந்திருக்கிறது, காரில் சாய்ந்து தூங்கிப் பழகியவர்களுக்கு ஒத்துவராது. மேலூர் வழியாக மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரி போய்வந்த அப்பா, "பெஞ்சுல உக்காந்து வந்த மாதிரிதான் இருக்கு, ஆனா வெயில் படல" என்றார். சித்திரை வெயிலில் ஏசி போட்டு மூன்று பேர் பின்னால் உட்கார்ந்து வருவதை, பின்பாடியில் முக்காடு போட்டுக்கொண்டு வந்த காலத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜின் அவசரப்படாத ரகம். 200 நியூட்டன் மீட்டர் இழுவையும் 1400 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுவதால், சந்துக்குள் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே ஊர்ந்து போகலாம். திருச்சி ரோட்டில் எழுபது, எண்பதில் நிம்மதியாகப் போகும். அதற்கு மேல் விரட்ட நினைப்பவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்வது நல்லது. மைலேஜ் லோடோடு பன்னிரண்டு, பதின்மூன்று வருகிறது. ஏஸ் கொடுத்ததை நினைத்தால் டீசல் பங்கில் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

இனி எங்கள் தொழிலுக்கான விஷயம், பலகாரம் உடையாமல் போய்ச் சேர்வது. கைமுறுக்கு சுற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மாவைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முறுக்கி முறுக்கி, சுற்றுக்குள் சுற்றாக விட வேண்டும். அம்மா சுற்றினால் ஒவ்வொரு முறுக்கும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். அதில் ஒரு சுற்று விண்டுபோனாலும் சீர்த்தட்டில் வைக்க ஆகாது. லீஃப் ஸ்பிரிங் போட்ட எந்த பிக்கப்பும் முழு லோடுக்காகச் செய்தது. பாரம் ஏறினால் அடங்கி ஓடும், குறைந்தால் குதிக்கும். எங்கள் பலகாரமோ இடத்தை அடைக்குமே தவிர எடையில் ஒன்றும் இருக்காது. முக்கால் டன் ஏஸை அடக்க அண்டாவும் அடுப்பும் சேர்ந்த பாரம் போதும், ஒரு டன் வண்டிக்கு அது காணாது. அதனால் நான் செய்வது இது. பின்அச்சுக்கு மேலே வருகிற மாதிரி முதலில் அரிசி மூட்டைகளைப் படுக்கப் போடுவேன். எப்படியும் பணியாரத்துக்குப் புதுவயல் மில்லிலிருந்து அரிசி போக வேண்டியதுதான். அதன் மேல் பழைய மெத்தை ஒன்று, அதன் மேல் டின்கள். டின்னுக்குள் முறுக்கைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக, ஒன்றோடொன்று உரசாமல் நெருக்கி அடுக்கி, மேலே இருக்கும் இடைவெளியைத் தாள் கசக்கி அடைத்துவிட வேண்டும். ஆட இடம் இருந்தால்தான் உடையும். அதிரசத்துக்கு இந்தக் கவலையே கிடையாது, வண்டி கவிழ்ந்தாலும் அது பத்திரமாக இருக்கும். சீப்புச் சீடையை மட்டும் நான் பின்னால் ஏற்றுவதே இல்லை. மனைவி மடியில் பனையோலைக் கொட்டானோடு முன்சீட்டில் வரும்.

லோடு பாடியின் நீளம்தான் நான் இழந்தது. ஏஸில் ஏழு அடி கிடைத்தது. கேம்பரில் இரண்டாவது வரிசை சீட்டு அந்த நீளத்தைத் தின்றுவிடுவதால் ஐந்து அடிக்கும் குறைவாகத்தான் மிஞ்சுகிறது. அகலம் கூடுதல் என்பதால் டின்கள் பக்கவாட்டில் ஒன்று அதிகமாக நிற்கும். ஆனால் ஜாரணி, நீளக் கரண்டி, மடக்கு மேஜையெல்லாம் குறுக்கே சாய்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. பந்தல் சாமான் ஏற்றுகிறவர்கள் இந்த வண்டிப் பக்கமே போக வேண்டாம். பின்தெருவில் திரும்புவதும் ஏஸ் மாதிரி ஒரே ஒடிப்பில் ஆகாது. ஒருமுறை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும், பந்தல்காரர் முறைப்பார்.

மஞ்சள் போர்டு விஷயம் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. ஐந்து சீட்டு இருந்தாலும் எங்கள் கேம்பர் சரக்கு வண்டியாகத்தான் பதிவாகியிருக்கிறது. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும், அதன் பிறகு வருஷா வருஷம். ஆர்சியில் சீட் எண்ணிக்கை எத்தனை என்று போட்டிருப்பதைப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் காப்பீடு உண்டா என்று கேட்டு, பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நான் ஏறி இறங்கிய ஒரு ஷோரூமில் இதைக் கேட்டதற்கு, "அதெல்லாம் வரும் சார்" என்று சொல்லிவிட்டு சீட் கவர் படம் காட்டினார்கள். அங்கே வாங்கவில்லை.

இன்னொன்று, என் மனைவியிடம் இருப்பது கார் ஓட்டுகிற சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ். பேட்ஜ் இல்லாமல் மஞ்சள் போர்டு ஓட்டக்கூடாது என்று ஆளாளுக்கு பயமுறுத்தினார்கள். 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. கேம்பர் லோடோடு மூன்று டன்னைக்கூடத் தொடாது. இப்போது காரைக்குடிச் சந்தைக்கு அவள்தான் எடுத்துப் போகிறாள். என்னைவிட நன்றாக ரிவர்ஸ் எடுக்கிறாள் என்று உதவிக்கு வரும் அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறார், இருக்கலாம்.

கானாடுகாத்தானில் எங்களுக்குப் பல வருஷமாக ஆர்டர் கொடுக்கிற ஆச்சி ஒருவர். கேம்பரில் போய் இறங்கிய அன்று பின்கட்டில் நின்று பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இப்பத்தான் ஆத்தாளைச் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டியாந்திருக்க" என்றார். அம்மா ஏதோ விருது வாங்கியவர்போல இறங்கினார்.

ஏஸைக் கண்டனூர்ப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்யும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். தனி ஆள், நாள் முழுக்க ஓட்டம், சந்து சந்தாக இறக்க வேண்டும். அவருக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இன்றைக்கும் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தேன், விலையிலும் கறாராக இருந்தேன். எனக்கு இப்போது பாக்கியிருப்பது பின்பாடிக்கு மேலே போடுகிற ஹூட் ஒன்றுதான். ஐப்பசி மழைக்கு வெறும் தார்ப்பாய் தாங்காது. குழாய் வளைத்து மேலே ரெக்ஸின் போட்டால் போதுமா, தகரமே அடித்துவிடலாமா என்று பட்டறைக்காரரோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தகரம் என்றால் சித்திரையில் உள்ளே இருக்கும் மாவுருண்டை உருகிவிடும் என்பது அம்மாவின் கட்சி.